தூண் கள்ளியின் விலாக்களை எண்ணுமாறு: ஒரு முன்னாய்வு

தூண் கள்ளி என்பது செங்குத்தாக நிற்கும் கள்ளி. இதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு ஏதும் இல்லை. ஆகவே இதை இங்கு ஆராயப் போவதில்லை. வேறுபட இடமுள்ளவற்றையும், இடமில்லாத இடத்தில் வலிந்து இடம் உண்டாக்கத் தக்கவற்றையும் மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

முதலில் எல்லை வகுத்தல். பாலைத்திணைப் பாட்டுகளில் வரும் கள்ளி நம் ஆய்வுக்குப் புறம்பானது. ஊர் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்கின் பங்காளிகள்; காக்டஸ் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களின் சொத்து. வறட்சிக்கு ஏற்ப இரு குடும்பமும் ஒரே கோலம் பூண்டதால் பார்ப்பவருக்கு மயக்கம். மயக்கம் தீர ஊசியால் லேசாகக் கீறுக. வெள்ளைப் பால் வழிந்தால் அது யூபோர்பியா. கீறிய கையோடு கண்ணைக் கசக்கினால் ஆய்வு அத்துடன் நிறைவுறும். கீற மனம் வராதவர் முள்ளின் அடியைப் பார்க்கலாம்: பஞ்சுப் பொட்டு ஒன்றிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பினால் காக்டஸ். 'இலங்கைக் காட்டிலும் ரிப்சாலிஸ் என்ற காக்டஸ் தானாக வளர்கிறதே' என்று ஆட்சேபிப்பாரும் உளர். அது மரத்தில் தொங்குவது, தூண் அன்று. ஆட்சேபம் தள்ளுபடி.

இனி வகைகள். நரைத்தவை: மெக்சிகோவின் கிழவன் கள்ளி முதலியன, வெள்ளை மயிரால் அறிக. நீலமானவை: பிரேசிலின் பைலோசோசீரியஸ், விலையால் அறிக. கோணியவை: வளர்முனை பிறழ்ந்து முண்டும் முடிச்சுமாகிப் போன மான்ஸ்ட்ரோஸ் வகை, எந்த இலக்கணத்துக்கும் அடங்காமையால் இவற்றைப் பிற்சேர்க்கையில் காண்க. பிற்சேர்க்கை எழுதப்படவில்லை.

எஞ்சியவை பச்சைத் தூண்கள். இவற்றைப் பிரித்தறிய நமக்கு வாய்த்த பெருங்கருவி விலா எண்ணிக்கை. தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் முகடுகளே விலாக்கள். மழை பெய்தால் நீர் குடித்து ஆர்மோனியத் துருத்தி போல் விரியவும், கோடையில் சுருங்கவும் அமைந்தவை இவை என்பது பாமரர் கொள்கை. ஆய்வாளர் எண்ணுவதற்கென்றே அமைந்தவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

எண்ணுதல் எளிதன்று. தூணுக்குத் தொடக்கம் கிடையாது. ஐந்து எண்ணி ஆறாவதில் விரல் வைக்கும்போது, இதுதான் முதலாவதோ என்ற ஐயம் பிறக்கிறது. இதற்குத் தீர்வாக 'மொட்டைமாடிச் சுவடி' (இரண்டாம் ஏடு, தண்ணீர்த் தொட்டி வழிந்து நனைந்த பகுதி) முதல் விலாவின் முள்ளில் சிவப்பு நூல் கட்டச் சொல்கிறது. 'கிணற்றடி உரை' இதை மறுக்கிறது. நூல் கட்டுங்கால் விரலில் ஏறும் முட்களைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதைச் சுவடிகாரர் சொல்லாமல் விட்டது பெருங்குறையாம்.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. செடி வளர வளர விலாக்களும் கூடும். அடியில் நான்காக இருந்தது இடையில் ஐந்தாகி, நுனியில் ஏழாக நிற்கும். எங்கே எண்ணுவது? அடி மரபினர் குனிந்து எண்ணுவர். நுனி மரபினர் ஸ்டூல் போட்டு ஏறுவர். இரு சாராரையும் சமாதானப்படுத்த எழுந்த நடுநிலையாளர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, இச்செடிக்கு ஐந்தரை விலா என்று முடிவு கட்டினர். அரை விலாவை எவரும் கண்டதில்லை. ஆயினும் 'ஐந்தரை விலா ஆராய்ச்சிக் கோவை' வெளிவந்தது. அதற்கு மறுப்பு வந்தது. மறுப்புக்கு மறுப்பு வந்தது. மூன்றையும் ஒருசேரக் கண்டித்து 'விலா விளக்கம்' வந்தது. அதற்கு அதன் ஆசிரியரே புனைபெயரில் அணிந்துரை வழங்கினார். அரை விலாவுக்குச் சான்று எங்கே என்று தேடுவோரை அவ்வணிந்துரை மூன்றாம் அடிக்குறிப்புக்கு அனுப்புகிறது. மூன்று, 'ஏழு காண்க' என்கிறது. ஏழில் 'மேலே கூறினாம்' என்றிருக்கிறது. தமிழாய்வு உலகில் தேர்ந்த வாசகருக்கு இப்பாதை பழக்கமானதே.

அடுத்து பெயரியல். அரிசோனா பாலைவனத்தின் சவாரோ கள்ளிக்கு 1848-இல் தாவரவியலாளர் எங்கெல்மன் சீரியஸ் ஜைஜாண்டியஸ் என்று பெயரிட்டார். 1908-இல் பிரிட்டனும் ரோஸும் அதற்கென ஒரு புதுப் பேரினம் கண்டு, எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னகியின் பெயரால் கார்னகியா என்றனர். அவ்விருவரும் எழுதிய காக்டஸ் பெருநூலின் நான்கு தொகுதிகளையும் 1919 முதல் 1923 வரை வெளியிட்டது வாஷிங்டனின் கார்னகி நிறுவனம். இவற்றை முடிச்சுப் போடுதல் ஆய்வு நெறி ஆகாது. ஆண்டுகளை அடுத்தடுத்து எழுதி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதே நெறி. நெறியாளரின் பெயரை முகவுரையில் நாலு தரம் எழுதிய எவரும் இதைக் குறை சொல்ல மாட்டார்.

பிரிட்டனும் ரோஸும் 1920-இல் டிரைக்கோசீரியஸ் பச்சனோய் என்ற தூண் கள்ளியை, 1974-இல் ஃபிரீட்ரிக்கும் ரௌலியும் எக்கினோப்சிஸ் பேரினத்தில் சேர்த்தனர். 2012-இல் வந்த மரபணு ஆய்வு, அந்தப் பெருங்கூட்டம் ஒரே வம்சமல்ல என்று காட்டவே, பலர் பழைய பெயருக்கே திரும்பினர். இடையில் பெயர்ச் சீட்டு மாற்றாத சோம்பேறிச் சேகரிப்பாளர் மட்டும் சிரமமின்றி அறிஞர் வரிசையில் சேர்ந்துவிட்டார். சீரியஸ் பெருவியானஸ் என்று நர்சரியில் விற்கும் செடியோ பெரு நாட்டை எட்டிப் பார்த்ததில்லை. பெரும்பாலும் அது பிரேசில், உருகுவே பக்கத்து ஹில்ட்மானியானஸ். பில் போடுபவரிடம் இதைச் சொன்னால், 'அது தெரியாது சார், தொட்டியோட வேணுமா, தொட்டியில்லாமயா?' என்பார். இதுவே இத்துறையில் நான் கேட்ட மிகத் தெளிவான கேள்வி.

வளர்ப்பியல் சுருக்கமானது. கட்டிங் வாங்கியதும் நடாதீர். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் கிடக்கட்டும். மண்ணில் பாதிக்கு மேல் ஆற்று மணலோ பெர்லைட்டோ பொடிக்கல்லோ இருக்கட்டும். ஐப்பசி மழையில் தொட்டியைக் கூரைக்குள் இழுத்துவிடுங்கள். வெயில் கொல்லாததை ஈர வேர் கொன்றுவிடும். பஞ்சுப் பொட்டுக்கும் மாவுப்பூச்சிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்: நகர்ந்தால் பூச்சி. தொட்டியை இடம் மாற்றுமுன் தெற்கு பார்த்த பக்கத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நிழலுக்குப் பழகிய பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினால் வெந்து மஞ்சள் தழும்பாகிவிடும்.

கிளைத்தல் பற்றிய ஆய்வு மட்டும் தாமதமாகிறது. சவாரோவுக்கு முதல் கை முளைக்க ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் பிடிக்கும். கால நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கலாம், நெறியாளர்கள்தாம் ஓய்வு பெறுவர். பொறுமையற்றோர் தொட்டியிலுள்ள சீரியஸின் தலையைக் கத்தியால் சீவிவிடுகின்றனர். சில வாரங்களில் அடிக்கட்டையிலிருந்து குருத்துகள் கிளம்பும். சீவிய தலையையும் தனியே நட்டுக்கொள்ளலாம். அண்மையில் அவ்வாறு நட்ட தலைக்கு ஏழு விலா, கட்டையில் முளைத்த குருத்துக்கு நான்கு. நுனி மரபினர் இரண்டும் வெவ்வேறு இனம் என்றனர். அடி மரபினர் குருத்தே அசல், தலை போலி என்றனர். நடுநிலையாளர் பென்சிலை எடுத்துக் கூட்டத் தொடங்கியுள்ளனர். ஐந்தரைதான் வரும் போலிருக்கிறது.