பஃபரில் கிடக்கும் கேள்விகள்

கே: சேர், புரோகிராம் விழும் இடத்தைப் பிடிக்க பிரின்ட்எஃப் போட்டேன். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் ஒரு வரியும் இல்லை. அப்படியென்றால் பிழை அதற்கும் முன்னாலா? (மாணவன், கிண்ணியா)

ப: அவசரப்படாதீர்கள் தம்பி. வரி பஃபரில் நிற்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அக்கரை போனது எப்படியென்று வாப்பாவைக் கேளுங்கள். ஆளுக்கொரு தடவை பாதைப்படகு போகாது. கரையில் சேர்ந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஒரே தடவையாகப் போகும். கோப்புக்கு எழுதும்போதும் அப்படித்தான். பஃபர் நிரம்பவேண்டும், அல்லது எஃப்ஃபிளஷ் அழைக்கவேண்டும், அல்லது புரோகிராம் ஒழுங்காக முடியவேண்டும். நடுவில் விழுந்தால் வரியும் போச்சு. திரையில் வரிக்கு வரி வெளிவருவதால் இந்தக் கூத்து தெரிவதில்லை. பிழை தேடும்போது ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதுங்கள். அது காத்திருக்காது.

கே: பிழைச் செய்திக்கு எதற்குத் தனி வழி?

ப: 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் அச்சுக்கோக்கும் இயந்திரத்துக்கு வெளியீட்டை அனுப்புவார்கள். விலை கூடிய புகைப்படத்தாளைக் கழுவி எடுத்துப் பார்த்தால், கட்டுரைக்குப் பதில் "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று அழகாக அச்சாகியிருக்குமாம். சிலமுறை பட்டபிறகு ஸ்டாண்டர்ட் எரர் பிறந்தது.

கே: சொந்தமாக சி லைப்ரரி எழுதுகிறேன். உள்ளீடு வெளியீட்டை எங்கிருந்து தொடங்க? (மூதூர்)

ப: துணிச்சல்தான். மைக் லெஸ்கின் உள்ளீடு-வெளியீட்டுப் பொதியிலிருந்து வளர்ந்து 1979இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு வந்த அமைப்பே இன்றும் போதும். கோப்புக்கு ஒரு ஸ்ட்ரக்சர்: கோப்பு இலக்கம், பஃபரின் தொடக்கம், இப்போது நிற்கும் இடம், மீதி பைட் எத்தனை, சில கொடிகள். கெட்சி மீதியில் ஒன்றைக் கழித்து அடுத்த பைட்டைத் தரும்; மீதி தீர்ந்தால் மட்டுமே கேர்னலிடம் போகும். 0, 1, 2 ஆகிய கோப்பு இலக்கங்களுக்கான ஸ்ட்ரக்சர் மூன்றும் முதலிலேயே தயாராக இருக்கவேண்டும்.

வழுக்கும் இடங்கள் இரண்டு. ரைட் சிஸ்டம் கோல் கொடுத்ததையெல்லாம் எழுதும் என்று நம்பாதீர்கள். சிலவேளை பாதியை எழுதிவிட்டுத் திரும்பும். மீதியை நீங்கள்தான் மறுபடி அனுப்பவேண்டும். அடுத்து, திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலை வைத்திருக்காவிட்டால் எக்ஸிட் வரும்போது எந்தப் பஃபரைக் காலிசெய்வீர்கள்? பிரின்ட்எஃப்பைக் கடைசிக்கு வையுங்கள். தசம எண்ணைச் சரியாக அச்சிடுவதற்கே ஓர் ஆயுள் வேண்டும்.

கே: கெட்சார் ஓர் எழுத்தைத்தானே தருகிறது, ஏன் இன்ட்?

ப: பைட்டுகள் 256. "முடிந்தது" என்பது 257ஆவது. சாரில் அதற்கு இடமில்லை. சாரில் வாங்கினாலும் தமிழ்க் கோப்பு ஒழுங்காக ஓடும், ஏனென்றால் சாரில் "முடிந்தது" போலத் தோன்றும் 255 என்ற பைட் யுடிஎஃப்-8இல் வருவதே இல்லை. ஜேபெக் படமோ 255இல்தான் தொடங்குகிறது. உங்கள் புரோகிராம் படம் வெறுமை என்று சத்தியம் செய்யும். அதையே ஆர்ம் லினக்ஸில் ஓட்டினால், அங்கே சாருக்கு மறைக்குறி இல்லாததால், கோப்பு முடியவே முடியாது.

கே: கெட்ஸ் எங்கே?

ப: 2011 சி நியமத்தில் நீக்கிவிட்டார்கள். இடம் எவ்வளவென்று கேட்காமல் கொட்டுகிற பேர்வழி. 1988இல் மொரிஸ் புழு என்ற தீநிரல் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சேவையில் இருந்த இந்தக் கெட்ஸ்தான்.

கே: ஜிலிப்சியின் மூலநிரலை வாசித்தால் தலை சுற்றுகிறதே?

ப: எனக்கும்தான். முதலில் மசல் என்ற இன்னொரு சி லைப்ரரியை வாசியுங்கள். பி.ஜே. பிளாகரின் 1992 நூலில் முழு லைப்ரரியும் நிரலோடு இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள்.