டியூப்லைட் வாட்ஸில் ஒரு மாகாணம்

மகாராஜபுரத்துத் தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணாச்சி, ஊருக்குன்னு குட்டியா ஒரு எஃப்.எம். போடணும். எங்க போய்ப் படிக்கிறது?" ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறுகிற கூட்டத்துக்கு பஸ் நேரம் சொல்லணுமாம். வரலாற்றைப் புரட்டினேன். முறையாகப் படித்துவிட்டு ஆரம்பித்த ஆள் அதிகம் சிக்கவில்லை!

கொழும்புத் தந்தி இலாகா எஞ்சினீயர் எட்வர்ட் ஹார்ப்பரைப் பாருங்கள். 1923-ல் அவர் டிரான்ஸ்மிட்டர் கட்டியது, போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் ரேடியோ உதிரிகளை வைத்து. கப்பலைக் கவிழ்க்க வந்த சாமான், கிராமபோன் பாட்டுப் போட்டது.

நம்மாள் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி. 1924 மே 16-ல் கிளப் ஆரம்பித்தார், ஜூலை 31-ல் ஒலிபரப்பு. பெயர்? 'சென்னை மாகாண ரேடியோ கிளப்'! மாகாணம் என்றால் அன்றைக்குத் திருநெல்வேலியிலிருந்து கஞ்சாம் வரை, மகாராஜபுரமும் அதற்குள்தான். டிரான்ஸ்மிட்டர் பவர்? 40 வாட்ஸ். உங்கள் வீட்டுப் பழைய டியூப்லைட்டே அவ்வளவு சாப்பிடும். பிறகு 200 வாட்ஸ் ஆக்கினார்கள். ஆக, அஞ்சு டியூப்லைட்.

காசு தீர்ந்து 1927 அக்டோபரில் கிளப் மூடியது. கருவிகள் சென்னை மாநகராட்சிக்குப் போயின. கையில் சாமான் இருந்தும், அவர்கள் வாயைத் திறந்தது 1930-ல். தேதி ஏப்ரல் 1. டியூப்லைட் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த நூற்றாண்டுக்கு வருவோம். பீகார் மன்சூர்பூரில் ஒரு ரேடியோ மெக்கானிக், ஏறக்குறைய 50 ரூபாய்ச் செலவில் 'ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1' நடத்தினார். ('2' எங்கே என்று கேட்கப்படாது.) பக்கத்து ஆஸ்பத்திரி மாடியில் மூங்கில், அதில் ஆன்டெனா. லைசென்ஸ் என்று ஒன்று வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பி.பி.சி. ஆகா என்று எழுதியது, உலகமே படித்தது. சர்க்காரும் படித்தது. 2006-ல் கடையைச் சாத்தினார்கள்.

அதே வருஷக் கடைசியில் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று விதி வந்தது, பொதுவாக 100 வாட்ஸ் வீச்சுத் திறன் (ஈ.ஆர்.பி.) வரைக்கும். தனியாளுக்கு மட்டும் கிடையாது.

ஆகவே தம்பி, முதலில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமத் தேர்வுக்குப் படி, சர்க்யூட் பிடிபடும். ஆனால் அதில் பாட்டுப் போடக் கூடாது. அப்புறம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், 2004 பிப்ரவரி 1 முதல் ஓடுகிற அண்ணா எஃப்.எம்.மைப் பார். பதிவு செய்து மூன்று வருஷமாவது ஆன தொண்டு நிறுவனம் ஒன்றைப் பிடித்து, டெல்லிக்கு விண்ணப்பம் போடு. அதுவரை மூங்கிலை வெட்டிவிடாதே.