சுல்தானின் பல்

போன வாரம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பறிகொடுத்தேன். பிடுங்கிய டாக்டர் அதைப் பஞ்சில் சுற்றி, "வேணுமா சார்?" என்றார், மீதிச் சில்லறை மாதிரி. என் வாயிலும் பஞ்சு. தலையாட்டியதை அவர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார். பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மந்தைவெளி ஆர்.கே. மட் சாலையில் நடந்தேன். ஒரு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கூலிங் கிளாஸ் போட்ட காலஞ்சென்றவர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முகமது பின் துக்ளக் ஞாபகம் வந்தார். மயிலாப்பூர் வட்டாரத்தில் துக்ளக் என்றால் முதலில் சோதான். 1968-ல் நாடகம், 1970 பொங்கலுக்குப் பத்திரிகை, 1971-ல் சினிமா. அசல் துக்ளக் 1351 மார்ச் 20 அன்று சிந்து நதிக்கரையில், தட்டாவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். பாவம், போஸ்டர் ஒட்ட ஆளில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன்.

அன்னார் தில்லி சுல்தானாக 26 ஆண்டுகள் ஆண்டார். 1327-ல் தில்லியின் பெரிய மனிதர்களைக் குடும்பத்தோடு தேவகிரிக்கு மூட்டை கட்டச் சொன்னார். நாற்பது நாள் பயணம். சில வருஷம் கழித்து, "சரி, திரும்பிப் போங்கள்" என்றார். இரண்டு யோசனையும் அவருடையது. மூட்டை மட்டும் மற்றவர்களுடையது.

அப்புறம் செம்பு, பித்தளைக் காசுக்கு வெள்ளியின் மதிப்பு என்றார். வீட்டுக்கு வீடு அச்சடித்தார்கள். எங்கள் பாட்டியின் பித்தளை அண்டாவை நினைத்துக்கொண்டேன்; அன்றைக்கு இருந்திருந்தால் நாங்கள் கோடீஸ்வரர்கள். கடைசியில் செல்லாது என்று அறிவித்து, கொண்டுவந்த காசுக்கெல்லாம் கஜானாவிலிருந்து தங்கமும் வெள்ளியும் கொடுத்தார். துக்ளகாபாத்தில் செம்பு மலையாகக் குவிந்ததாம். விரலில் மை வைத்தார்களா என்று அந்தக் காலத்துச் சரித்திரக்காரர் பரணி எழுதவில்லை.

நம்மோடும் அவருக்கு ஒரு வாய்க்கால் தகராறு உண்டு. மதுரையில் அவர் வைத்த ஆளே 'இனி நான்தான் சுல்தான்' என்று கிளம்பிவிட, தண்டிக்கப் படையோடு புறப்பட்டார். வாரங்கல்லில் கொள்ளை நோய். படை சுருண்டது, அவரும் படுத்தார். மதுரையைக் கண்ணால் பார்க்காமலே திரும்பும் வழியில் பல்வலி. மராட்டியத்தில் பீட் பக்கம் பிடுங்கினார்கள். பிடுங்கிய பல்லைச் சகல மரியாதையோடு புதைத்து, அதற்குத் தனியாகக் கல்லறை எழுப்பினார் சுல்தான். இன்றைக்கும் இருக்கிறது.

என் மனசெல்லாம் பிடுங்கியவரிடம்தான். அரண்மனை வாசலில் யாராவது ஒரு ஏழை பணக்காரனாவான், இல்லாவிட்டால் யாராவது ஒருவன் பிணமாவான் என்று இபின் பதூதா எழுதிவைத்த ஆசாமி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். மரத்துப்போகும் ஊசி கிடையாது. "லேசா வலிக்கும்" என்று எந்தக் குரலில் சொல்லியிருப்பார்? தப்பான பல்லைப் பிடுங்கியிருந்தால் கல்லறை இரண்டாகியிருக்கும்.

கடைசியில் காய்ச்சல், அதன்மேல் மீன் சாப்பாடு. அரசனுக்கு ஜனங்களிடமிருந்தும் ஜனங்களுக்கு அரசனிடமிருந்தும் ஒரே நாளில் விடுதலை என்று, இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து பதாயூனி என்ற சரித்திரக்காரர் சொன்னதுதான் உருப்படியான இரங்கல்.

வீட்டுக்கு வந்ததும், "இதை எதுக்குக் கொண்டுவந்தீங்க?" என்றாள் மனைவி. சின்ன வயசில் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியச் சொல்வாள் பாட்டி. பேருக்கேற்றபடி மந்தைவெளியில் மாடு இன்னும் உண்டு. கூரைக்குப் பதில் எங்கள் அடுக்ககத்தில் மொட்டை மாடி. சாவி அசோசியேஷன் செக்ரெட்டரியிடம். எதற்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.