அட்டவணைக் கனவான்

மொராக்கோ தேசத்தைப் பத்து நாட்களில் வழிகாட்டியோடு சுற்றிவரப் புறப்படும் எந்தப் பிரயாணக் குழுவை எடுத்துக்கொண்டாலும், காஸாபிளாங்கா விமான நிலையத்தில் முன்பின் அறியாத மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொள்ளும் அந்த முதல் அரை மணி நேரத்திலேயே, பேருந்தின் முன்வரிசை ஜன்னலோரத்தைப் பிடித்து, மடியில் ஒரு காகிதத்தை விரித்து, அதன்மேல் சிவப்புப் பென்சிலைக் குறுக்கே வைத்து, நியாயஸ்தலத்தில் வழக்கைத் தொடங்கப் போகும் வக்கீலைப் போலத் தொண்டையைச் செருமிக்கொள்ளும் கனவான் ஒருவர் இருந்தே தீருவார். அவர் எந்த நாட்டவர், என்ன உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் முக்கியமல்ல; இந்த ஜாதி எல்லா நாட்டிலும் விளைகிறது. அந்தக் காகிதம், பிரயாண நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்த அட்டவணை. நமக்கெல்லாம் அது விமானத்திலேயே தொலைந்துபோகும் துண்டுச் சீட்டு. அவருக்கோ கிரயம் கொடுத்து ரிஜிஸ்தர் செய்த பத்திரம். அதில் கண்ட சொத்துக்கள் யாவும் வில்லங்கமின்றித் தம் கைக்கு வந்து சேருகின்றனவா என்று சரிபார்க்க வந்திருக்கிறாரேயன்றி, வேறெதையும் பார்க்கும் உத்தேசம் அவருக்குக் கிடையாது.

நான் சென்ற குழுவில் இருந்தவர், 1993-இல் கட்டி முடிக்கப்பெற்ற இரண்டாம் ஹஸன் மசூதியின் எதிரே நின்று, அதன் 210 மீட்டர் மினாரை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறையும் நுனியிலிருந்து அடிவரை மறுமுறையும், நாடா பிடித்து அளக்கும் சர்வேயரைப் போல நிதானமாகப் பார்த்து, ‘சரி’ என்று முணுமுணுத்துக் குறியிட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. ரபாத்தில் அது ஊர்ஜிதமாயிற்று. அங்கே ஹஸன் கோபுரம் என்று ஒன்று உண்டு. உலகத்துப் பெரிய மசூதிகளுள் ஒன்றை எழுப்ப ஆசைப்பட்ட யாகூப் அல்-மன்ஸூர் என்ற சுல்தான் 1199-இல் காலமாகிவிடவே, 44 மீட்டரோடு வேலை நின்றுபோய், சுற்றிலும் கூரையைக் காணாத தூண்கள் வரிசை வரிசையாய் நிற்க, செந்நிறக் கல்லில் சதுரமாய் எழும்பி, மேற்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பதுபோல் நிற்கும் கோபுரம் அது.

“மீதிக் கோபுரம் எங்கே?” என்றார் கனவான்.

“கட்டவில்லை, ஐயா. கட்டுவித்த சுல்தான் இறந்துபோனார்.”

“அவர் இறந்து எண்ணூறு வருஷமாயிற்றே! அட்டவணையில் ‘ஹஸன் கோபுரம்’ என்றுதான் போட்டிருக்கிறது. ‘கோபுரத்தில் ஒரு பாகம்’ என்று போடவில்லை.”

வழிகாட்டி சாது. எந்தக் கேள்விக்கும் அவரிடம் ‘இன்ஷா அல்லா’ என்றொரு பதில் எப்போதும் தயாராக இருக்கும், அதையே சொன்னார். இறைவன் நாடினால் கோபுரம் வளரும் என்று பொருள் கொண்டாரோ என்னவோ, கனவான் அந்த வரிக்கு எதிரே சரிக்குறியின் கீழ்ப்பாதியை மட்டும் போட்டு, மேல்பாதியை நிலுவையில் வைத்தார். வொலுபிலிஸில் ரோமானியர் விட்டுச்சென்ற தூண்களின் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டி, அலகைத் தட்டி ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. நாரை அட்டவணையில் இல்லாதபடியால் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஃபெஸ் நகரத்துக்கு வந்த பிறகுதான் அவருடைய மகிமை எனக்கு விளங்கிற்று. பழைய ஃபெஸ்ஸின் சந்துகளில் மோட்டார் வாகனம் நுழையாது. கழுதையும் கோவேறு கழுதையுமே அங்கே சரக்கு வண்டி. பின்னாலிருந்து ‘பாலாக்!’ என்று ஒரு குரல் கேட்டால், ஒதுங்கு என்று அர்த்தம். அர்த்தம் தெரியாதவர்களுக்கு ஆட்டுத்தோல் மூட்டை முதுகில் இடித்து வியாக்கியானம் செய்யும். 859-இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவியதாக மரபு கூறும் கராவிய்யீன் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதார் உள்ளே போகலாகாது. வாசலில் நின்று முற்றத்தின் ஓட்டுப் பதிப்பையும் நீர்த்தடாகத்தையும் எட்டிப் பார்க்கலாம். கனவான் ஒற்றைக் காலை நிலைப்படிக்கு இப்பால் ஊன்றி, கழுத்தை மட்டும் அப்பால் நீட்டி, பத்திரத்தின் ஷரத்து மீறப்படாமல் அநுபோகத்தை நிலைநாட்டினார். தோல் பதனிடும் சுவாராத் தொட்டிகளை மேலிருந்து பார்க்கிறபோது, சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த வாடைக்கு மாற்றாக ஆளுக்கொரு புதினாக் கொத்து கொடுத்தார்கள். நாங்கள் அதை மூக்கில் வைத்துக்கொண்டோம். அவர் அட்டவணையைப் புரட்டி, புதினா அதில் இல்லையென்று கண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, வாடையைப் பூரணமாக அநுபவித்தார்.

அன்று மாலை, ஸஃப்பாரீன் சதுக்கத்தில் ஒரு கன்னான் தாமிரத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி அண்டாவாக்கும் அழகில் லயித்து நின்ற நான், திரும்பிப் பார்த்தால் குழுவைக் காணோம். இடப்பக்கம் மூன்று சந்து, வலப்பக்கம் இரண்டு. எதில் போனாலும் முன்பே பார்த்த எலுமிச்சைக் கடைதான் வருகிறது. இனி இந்த ஊரிலேயே ஒரு செருப்புக் கடை வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கையில், கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிவப்புப் பென்சில் ஒன்று உயர்ந்து தெரிந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “என்னைத் தேடியா வந்தீர்கள்?” என்றேன், தழுதழுத்த குரலில். “பதினான்கு பேர் என்று போட்டிருக்கிறது. எண்ணினால் பதிமூன்று வருகிறது,” என்றார் அவர்.

அட்டவணையில் சொல்லப்படாத கம்பளக் கடை ஒன்றின் வாசலில் பேருந்து மறுநாள் தானாகவே நின்றபோதும் அவரைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘பார்த்தால் போதும், வாங்க வேண்டாம்’ என்ற உபசார மொழியிலும், உயரத் தூக்கி ஊற்றிய புதினாத் தேநீரிலும் மயங்கி நாங்கள் உள்ளே போனோம். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இன்று என் வீட்டுக் கூடத்தில், யாரும் மிதிக்கக்கூடாதென்று சுருட்டி நிறுத்தியிருக்கும் கம்பளத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்த இறங்காத மகானின் ஞானத்தை எண்ணிப் பெருமூச்சு விடுகிறேன்.

450 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே ஓடி, தேவதாரு வனத்தையும் பேரீச்சந் தோப்புகளையும் கடந்து, மெர்ஸூகாவின் மணல் மேடுகளை அடைந்தோம். அங்கே மறுபடியும் வில்லங்கம். நிறுவனத்தார் அச்சிட்ட படத்தில், மத்திய ஆசியாவுக்கு உரிய இரட்டைத் திமில் ஒட்டகம் எப்படியோ புகுந்துவிட்டிருந்தது; ஸஹாராவில் உள்ளதோ ஒற்றைத் திமில். “கோபுரத்திலும் பாதி, ஒட்டகத்திலும் பாதி!” என்று அவர் புலம்பியது அந்தப் பாலைவனத்தின் நிசப்தத்தில் வெகுதூரம் கேட்டிருக்கும். விடியற்காலையில் மணல் ஊதாவாகி, ரோஜாவாகி, நெருப்பாகிச் சூரியன் எழுந்த அந்தச் சில நிமிஷங்களில், மற்றவர்கள் பேச்சற்று நிற்க, அவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் குறித்த நேரத்துக்கு வந்தது. முழுச் சரிக்குறி.

அப்புறம் தோத்ரா மலைப்பிளவு, மண்கோட்டையான அய்த் பென் ஹத்து, 2,260 மீட்டர் உயரத்துத் திஷ்கா கணவாய் என்று குறிகள் மளமளவென்று விழுந்தன. கடைசி ஊர் மராக்கேஷ். குத்பிய்யா மினாரின் 77 மீட்டரையும் அவர் பெற்றுக்கொண்டதும், பக்கத்திலேயே இருக்கும் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தைக் காட்டி வழிகாட்டி, “ஐந்து முதல் ஏழு வரை உங்கள் விருப்பப்படி,” என்றார். அட்டவணையிலும் அப்படியே இருந்தது.

“அது எந்தப் பக்கம்?” என்றார் கனவான்.

“எது, ஐயா?”

“இந்த ‘விருப்பப்படி’ என்பது.”

பத்து நாளில் முதல் தடவையாக வழிகாட்டிக்கு ‘இன்ஷா அல்லா’ வாயில் வரவில்லை. நாங்கள் சதுக்கத்துக்குள் கலந்தோம். பாம்பாட்டியின் ஊதுகுழலும், க்னாவாக்காரர்களின் இரும்புத் தாளமும், வட்டமாகக் கூடிய ஜனங்களின் நடுவே நின்று கைவீசிக் கதை சொல்லும் கிழவரின் குரலும், அந்தியில் நூறு அடுப்புகளிலிருந்து எழும்பும் புகையும் சேர்ந்து எங்களை விழுங்கிக்கொண்டன. பாஷை புரியாத அந்தக் கதைக்கு நான் இரண்டு இடத்தில் சிரித்தேன். ஏழு மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்து பேருந்தில் ஏறினால், முன்வரிசை ஜன்னலோரத்தில், வைத்த இடத்தில் வைத்தபடி அவர் இருந்தார். இரண்டு மணி நேரத்தையும் அங்கேயே, ஒரு நிமிஷம் குறையாமல், உட்கார்ந்து தீர்த்திருக்கிறார். கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொடும்வரை பொறுத்திருந்து, சிவப்புப் பென்சிலை எடுத்து, ‘விருப்பப்படி’ என்ற வரிக்கு எதிரே அழுத்தமாக ஒரு சரிக்குறி போட்டார்.