சும்மாதானே கிடக்குது

ஊட்டியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் காரில் ஏறுகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். டீக்கடையைக் கண்டால் நிற்காத வண்டி, சாலையோரக் கட்டையைக் கண்டால் நிற்கும். கொண்டை ஊசி வளைவில் பின்னால் அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். இவர் நிதானமாக இறங்கி, விழுந்து கிடக்கும் சீகைக் கிளையைக் காலால் புரட்டி, நகத்தால் பட்டையைச் சுரண்டி, முகர்ந்தும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார்: “சும்மாதானே கிடக்குது!”

டிக்கி நிறைந்தால் பின் சீட். பின் சீட்டில் நாம் இருந்தால் நம் மடி. ஒரு துக்க வீட்டுக்குப் போகும்போது மாலையை என் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் சில்வர் ஓக் துண்டை உட்கார வைத்தார். சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் இறங்கினோம். பர்லியாறுக்கு மேலேயே ஒரு கட்டை அகப்பட்டுவிட்டது. “திரும்பி வரும்போது எடுத்துக்கலாமே சார்” என்றேன். “அதுவரைக்கும் விட்டு வைப்பாங்களா?” பந்தியில் உட்கார்ந்தும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, காரைப் பூட்டினோமா என்று இரண்டு தடவை எழுந்து போனார். மண்டபக் காவலாளி எட்டிப் பார்த்து, “கட்டை எதுக்கு சார்?” என்றான். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “குளிருக்கு” என்றார். அவன் பிறகு எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

இந்த ஓசி விறகுக்காக வாங்கியவை: செயின் ரம்பம், அதற்குப் பெட்ரோல், கோடாலி, தார்ப்பாய், இடுப்புக்குத் தைலம். விறகுக்கடை ரேட்டோடு ஒப்பிட்டுக் கணக்குக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மலைப்பகுதியில் அனுமதியில்லாமல் மரம் வெட்டக்கூடாது என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டதே என்றால், “நான் எங்க வெட்டினேன்? அதுவா விழுந்துச்சு” என்பார். விழுந்த மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு என்பது காதில் ஏறாது.

சரி, கணப்பாவது எரிகிறதா? பச்சைக் கட்டையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். பிளந்து அடுக்கி, ஆறு மாதமாவது காற்றாடக் காய விட வேண்டும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை, மிச்ச நாளில் மூடுபனி என்றிருக்கும் ஊரில் தார்ப்பாய்க்கு அடியில் காளான்தான் முளைக்கும். தை மாத உறைபனியில் அவர் வீட்டுக்குப் போனால் கட்டை நுனியில் நுரை தள்ளிச் சீறும். புகை ஹாலை நிறைக்கும். புகை போக ஜன்னலைத் திறப்பார்; உறைபனி உள்ளே வரும். நன்றாகக் காய்ந்த விறகு கொல்லையில் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது, அது அடுத்த வருஷத்துக்கு.

இதெல்லாம் சிரிப்போடு போய்விடும். மிலார் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கவாத்து முடிந்த தேயிலைத் தோட்டத்தில் கிடக்கும் மிலாரை, வேலை முடிந்து போகும் பெண்கள் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுபோவார்கள். அடுப்புக்கும் வெந்நீருக்கும் அதுதான். இவர் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் காரோடு போய் முந்திக்கொள்கிறார். ஒருநாள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா நாங்கள் ஏற்றி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். “அவங்களுக்குத்தான் கேஸ் இருக்கே” என்றார் இவர். இவர் வீட்டிலும் கேஸ் இருக்கிறது. கீசர் இருக்கிறது. அறைக்கு ஒரு ஹீட்டர் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் காரில் ஏறுவதில்லை.

அதற்காக அவர் என்னை விட்டுவிடவில்லை. போன ஆடிக் காற்றில், நடுராத்திரி, கரண்ட் போய் நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. “எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?” அந்த நேரத்தில் அப்படிக் கேட்க ஒரு மனுஷன் இருக்கிறாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

“நாங்க பத்திரம் சார். மரம் விழுந்து மதில்தான் இடிஞ்சு போச்சு” என்றேன்.

“அடடா!” என்றவர் ஒரு கணம் தயங்கினார். “என்ன மரம்? கற்பூரமா, சீகையா?”