‘அப்’பும் ‘ஆஃப்’பும் நடத்தும் ஆட்சி: ஆங்கில வினைச்சொல்லின் கையாலாகாத்தனம் குறித்து ஓர் ஆய்வு

எந்த ஆங்கில இலக்கண நூலைத் திறந்தாலும், வாக்கியத்தின் உயிர் வினைச்சொல்லில்தான் இருக்கிறது என்று ஆரம்பப் பக்கங்களிலேயே அடித்துச் சொல்லியிருக்கும். இதை நம்பி அந்த மொழிக்குள் காலை விட்டவர்கள் கோடிக்கணக்கானோர். அவர்கள் படும் பாடே இக்கொள்கை பொய் என்பதற்கு முதற்சான்று. அன்றாட ஆங்கிலத்தில் வினைச்சொல் வெறும் கையெழுத்துப் போடும் அதிகாரி. கோப்பு நகர்வதும் நகராததும் பக்கத்தில் நிற்கும் குமாஸ்தா கையில் இருக்கிறது. அப், ஆஃப், அவுட், இன், ஆன், டவுன், ஓவர் என்பவை அந்தக் குமாஸ்தாக்களின் பெயர்கள். இலக்கணக்காரர்கள் இவற்றை முன்னிடைச்சொற்கள் என்பார்கள். பெயரில்தான் ‘முன்’, நிற்பதோ வினைக்குப் பின்னால், மிகுந்த பணிவோடு. இடைச்சொல்லுக்குத் தனி நடை கிடையாது, பெயரையோ வினையையோ சார்ந்தே அது நடக்கும் என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. தமிழுக்கு அது சரி. ஆங்கிலத்தில் யார் யாரைச் சார்ந்து பிழைக்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் ‘கோ’ என்ற சொல்லைக் கூண்டில் ஏற்றுவோம். ‘போ’ என்று பொருள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதோடு ‘ஆஃப்’ என்ற சிறுசொல்லைச் சேர்த்துவிட்டு லண்டனில் ஒருவர் வீட்டுக் காலைப்பொழுதைக் கவனியுங்கள். அலாரம் ‘கோ ஆஃப்’ ஆகிறது, அதாவது அடிக்கிறது. விளக்கு ‘கோ ஆஃப்’ ஆகிறது, அதாவது அணைகிறது. ஒன்று தொடங்குவதற்கும் இன்னொன்று நிற்பதற்கும் ஒரே சொல். அடிக்கிற அலாரத்தை அவர் ‘டர்ன் ஆஃப்’ செய்கிறார், அதாவது ஆஃப் ஆனதை ஆஃப் பண்ணுகிறார். பால் ‘கோ ஆஃப்’ ஆனால் திரிந்துவிட்டது. குண்டு ‘கோ ஆஃப்’ ஆனால் வெடித்துவிட்டது. கூட்டம் நன்றாக ‘கோ ஆஃப்’ ஆனால் எதுவும் வெடிக்காமல் முடிந்தது. ஒருவர்மேல் வைத்திருந்த பிரியமும் ‘கோ ஆஃப்’ ஆகும். அது பால் கதைதான். இத்தனை காரியத்திலும் ‘கோ’ என்ன வேலை செய்தது? கடிகாரம் மேசையை விட்டு நகரவில்லை. பால் பாத்திரத்திலேயே இருக்கிறது. சம்பளம் வாங்கிய வினைச்சொல் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

‘கோ’ வயதான சொல், அதிகம் உழைத்துத் தேய்ந்துவிட்டது என்று அதற்குப் பரிந்து பேசலாம். ‘ஃபில்’ அப்படித் தேய்ந்ததல்ல. ‘நிரப்பு’ என்று தெளிவான பொருளோடு நிற்கும் சொல். ஆனால் ஒரே விண்ணப்பப் படிவத்தை ஆங்கிலேயர் ‘ஃபில் இன்’ செய்வார், அமெரிக்கர் ‘ஃபில் அவுட்’ செய்வார். ஒருவர் உள்ளே தள்ளுகிறார், மற்றவர் வெளியே தள்ளுகிறார். முடிவில் இரண்டு படிவமும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பெட்ரோல் தொட்டியை மட்டும் இருவரும் ஒற்றுமையாக ‘ஃபில் அப்’ செய்கிறார்கள். ‘நாக் அப்’ கதை இன்னும் வில்லங்கம். ஆறு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பிவிடு என்ற பொருளில் பழைய தலைமுறை ஆங்கிலேயர் இதைச் சொன்னால், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் உள்ளவர் காதில் அது கர்ப்பமாக்கும் விவகாரமாக விழும்.

சொற்கள் இரண்டும் அப்படியே இருக்க, நிற்கும் இடம் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்துவிடலாம். நம் ஊர் பஸ் டிரைவர் செய்வது ‘ஓவர்டேக்’. அதே இரண்டு சொல்லைத் திருப்பிப் போட்டு ‘டேக் ஓவர்’ என்றால் ஒரு கம்பெனி கைமாறுகிறது. ‘லுக் ஓவர்’ என்றால் ஒரு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை பார்வையிடுவது. ‘ஓவர்லுக்’ என்றால் அதைப் பார்க்கத் தவறுவது. கணக்குத் தணிக்கை செய்ய வந்தவர் எதைச் செய்தார் என்பதில் வழக்கே நடக்கலாம். இதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய ஒட்டுகள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. நாளடைவில் அந்த வழக்கம் நலிந்து, சிறுசொல் பின்னால் வந்து நிற்பது பெருகியது. ‘அன்டர்ஸ்டாண்ட்’ போன்ற சில, பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. கீழே நிற்பதற்கும் விளங்கிக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை பலருக்கும் விளங்கவில்லை.

இதையெல்லாம் இக்கட்டுரைதான் கண்டுபிடித்தது என்று மார்தட்ட முடியாது. 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், சிறுசொல் சேர்ந்ததும் வினையின் பொருள் தடம் மாறிவிடுவதே அயலாருக்குப் பெரும் தொல்லை என்று முன்னுரையிலேயே எழுதினார். தன் தொகுப்பு முழுமையானதல்ல என்று ஒப்புக்கொண்டு, இருந்தாலும் இனி மாணவர்கள் சமாளித்துவிடுவார்கள் என்று நம்பினார். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மாணவர்கள் இன்னும் சமாளித்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் கூட்டணிக்கு ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயரை அச்சில் பரப்பியவர் லோகன் பியர்சல் ஸ்மித், 1925இல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது. பெயரிலும் ‘வெர்ப்’புக்குத்தான் மரியாதை. குமாஸ்தா பெயர் எந்தக் கல்வெட்டில் வந்திருக்கிறது?

இங்கே மொழியியலார் குறுக்கிடுவார்கள். இதில் ஒழுங்கு இல்லாமல் இல்லை, எல்லாம் உருவகம் என்பார்கள். மிகுதி என்றால் மேலே, குறைவு என்றால் கீழே. மகிழ்ச்சி மேலே, சோகம் கீழே என்று ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் ஒரு புத்தகமே போட்டுக் காட்டினார்கள். வேகம் கூடினால் ‘ஸ்பீட் அப்’, மனம் தேறினால் ‘சியர் அப்’ என்பதுவரை அது பொருந்துகிறது. ஆனால் வேகத்தைக் குறைக்க ‘ஸ்லோ டவுன்’ என்றும் சொல்லலாம், ‘ஸ்லோ அப்’ என்றும் சொல்லலாம் எனும்போது மேல் எது, கீழ் எது? தீப்பிடித்தால் வீடு ‘பர்ன் டவுன்’ ஆகிறது, உள்ளே இருந்த காகிதம் ‘பர்ன் அப்’ ஆகிறது. சுவர் கீழே விழுகிறது, புகை மேலே போகிறது, அதனால்தான் என்று சமாதானம் சொல்வார்கள். தீயணைப்புப் படை வருவதற்குள் இவ்வளவையும் யோசித்துப் பேச வேண்டுமென்றால் வீடு மிஞ்சாது. வாயை மூடச் சொல்வது ‘ஷட் அப்’, மனம் திறந்து பேசச் சொல்வது ‘ஓப்பன் அப்’. மூடினாலும் திறந்தாலும் மேலேதான்.

இந்தத் தொல்லையே வேண்டாம், லத்தீன் வழி வந்த சொற்களை வைத்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு தரப்பு. ‘புட் ஆஃப்’ எதற்கு, ‘போஸ்ட்போன்’ இருக்கிறதே? நியாயமான வாதம். லத்தீன்காரர்களும் ‘பின்னே’, ‘வை’ என்ற இரண்டு துண்டுகளைத்தான் ஒட்டினார்கள். ஆனால் நாணயமாக ஒட்டினார்கள். அந்த நாணயத்தை நம்பித்தான் இந்தியர்கள் ‘பின்னே’யை எடுத்துவிட்டு ‘முன்னே’யைப் போட்டு ‘ப்ரீபோன்’ செய்தார்கள். கல்யாணத்தை முன்கூட்டி வைத்தாலும் பரீட்சையை முன்கூட்டி வைத்தாலும் அந்தச் சொல் சொன்ன வேலையைச் செய்கிறது. இதே தர்க்கத்தை ‘புட் ஆஃப்’மீது செலுத்திப் பாருங்கள். ஆஃபுக்கு எதிர் ஆன். ஆகவே கூட்டத்தை முன்கூட்டி வைப்பது ‘புட் ஆன்’ என்றாக வேண்டும். ஆனால் ‘புட் ஆன்’ என்றால் சட்டை போடுவது, எடை போடுவது, இல்லாத துக்கத்தை முகத்தில் ஒட்டவைப்பது. கூட்டத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்பவர்களும் உண்டு. செய்துவிடு, செய்துபார், செய்துகொள், செய்துதொலை என்று நாமும் வினைக்குப் பின்னால் ஆள் வைத்திருக்கிறோம். உண்மை. ஆனால் ‘வந்து தொலை’ என்று எத்தனை எரிச்சலோடு சொன்னாலும் வர வேண்டியவர் வந்தே ஆக வேண்டும். சொல்பவரின் கடுப்பு கூடுகிறதே தவிர, வருகை ரத்தாவதில்லை. ‘கிவ் அப்’பில் யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள்? ‘பார்த்துக்கொள்’ மட்டும் கொஞ்சம் சங்கடம். ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்பதில் பாசமும், ‘உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்’ என்பதில் அடிதடியும் இருப்பதை மறைக்க முடியாது. அந்த அளவுக்கு எதிர்த்தரப்பு சொல்வது சரி. தமிழில் அது விலக்கு, ஆங்கிலத்தில் விதி என்பதோடு இதை விட்டுவிடலாம்.

ஆனால் தமிழர்கள் தரும் வேறொரு சான்று இருக்கிறது. அது எல்லாவற்றையும்விடக் கனமானது. ‘ஃபேனை ஆஃப் பண்ணு’, ‘மோட்டரை ஆன் பண்ணு’ என்று பட்டிதொட்டியெங்கும் சொல்கிறார்கள். ‘டர்ன்’ எங்கே, ‘ஸ்விட்ச்’ எங்கே? இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு ஆஃபையும் ஆனையும் மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்கள். வினைக்கு ‘பண்ணு’ போதும், அது வீட்டிலேயே இருக்கிறது. இறக்குமதி செய்யத் தகுந்த சரக்கு எது, வெறும் அட்டைப்பெட்டி எது என்று எந்த அகராதியும் புரட்டாமல் தரம் பிரித்திருக்கிறார்கள். அத்தோடு நிற்கவும் இல்லை. ‘நான் மூட் அவுட்’ என்று கல்லூரி மாணவர் சொன்னால் கேட்பவர் உடனே ஒரு டீ சொல்கிறார். அந்த அளவுக்கு அது துல்லியம். இது ஆங்கிலமே அல்ல, வினைச்சொல் இல்லையே என்று ஆங்கில ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். அங்கே எந்த வினை வர வேண்டும் என்று திருப்பிக் கேட்டால், அவர்கள் முதலில் அவுட்டைத்தான் அகராதியில் தேடப் போவார்கள்.