அப்டேட் அண்ணாச்சி

யூனிட்டி எஞ்சினில் கேம் எழுதுகிற இடம் எதுவானாலும் அங்கே ஓர் அப்டேட் அண்ணாச்சி இருப்பார். வயது இருபத்திரண்டாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். அடையாளம் ஒன்றுதான்: அவர் எழுதுகிற கோடு மொத்தமும் அப்டேட் ஃபங்ஷனுக்குள்ளேயே குடியிருக்கும். ஃப்ரேமுக்கு ஒரு தடவை யூனிட்டி தானாகக் கூப்பிடுகிற ஃபங்ஷன் அது. 60 ஃப்ரேமில் ஓடும் கேம் என்றால் விநாடிக்கு 60 தடவை.

வீரன் காசு எடுத்தால் ஸ்கோர் ஏற வேண்டும். ஏறியது திரையில் தெரிய வேண்டும். வேலை அவ்வளவுதான். அண்ணாச்சி, ஸ்கோர் மாறியதா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டார். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதை எடுத்துத் திரையில் எழுதிவிடுவார். பஸ்ஸில் ஏறியதிலிருந்து கண்டக்டரிடம் "திண்டிவனம் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவாரே ஒருவர், அவருக்கு இவர் ஒன்றுவிட்ட தம்பி.

ஆடுகிறவர் போனைக் கீழே வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவார். ஸ்கோர் 40-லேயே நிற்கும். அண்ணாச்சியின் கோடு மட்டும் நிமிடத்துக்கு 3,600 தடவை "ஸ்கோர்: 40" என்று எழுதித் தள்ளும். அவர் எழுதுகிற சி ஷார்ப் மொழியில் ஒரு ஸ்டிரிங்கை, அதாவது எழுத்துச் சரத்தை, திருத்த முடியாது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று பிறக்கும், பழையது குப்பைக்குப் போகும். குப்பை சேர்ந்ததும் கார்பேஜ் கலெக்டர் வருவார். அவர் வருகிற நேரம் பார்த்து வீரன் பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருப்பான். கேம் ஒரு கணம் திக்கும். வீரன் பள்ளத்துக்குள்.

"போன் பழசு," என்பார் அண்ணாச்சி.

ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எழுதிப் பார்க்கிற இந்தச் சந்தேகப் புத்திக்கு ஒரு பூர்வ கதை உண்டு. கற்றுக்கொண்ட புதிதில் அவர் ஸ்கோரை, தொடக்கத்தில் மட்டும் ஓடும் ஸ்டார்ட் ஃபங்ஷனில் ஒரே தடவை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார். காசு சேர்ந்தது, ஸ்கோர் 50 ஆனது, திரை மட்டும் 0 என்று சாதித்தது. எழுதிய நேரத்து மதிப்பைத்தான் எழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அதற்கும் வேரியபிளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றோடு அண்ணாச்சி யாரையும் நம்புவதை விட்டுவிட்டார். திரையில் ஸ்கோர் லேபிள் எங்கே இருக்கிறது என்பதைக்கூட ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பெயர் சொல்லித் தேடித்தான் பிடிப்பார். நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

டீம் லீடு சின்னப் பையன். பக்குவமாக எடுத்துச் சொன்னான்: "அண்ணாச்சி, ஸ்கோரை ப்ராப்பர்ட்டியா மாத்திடுங்க. மதிப்பு மாறுற இடத்துல ஒரு ஈவென்ட் விடுங்க. லேபிள் அதைக் கேட்டு எழுதிக்கும். நாம போய்ப் பார்க்க வேண்டாம், அதுவே சொல்லும்." 1994-இல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்திலேயே இதற்கு அப்சர்வர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கோடாட் எஞ்சினில் சிக்னல் என்பார்கள்.

"அது சொல்லலேன்னா?" என்றார் அண்ணாச்சி.

பையன் தானே எழுதிக் காட்டினான். கேம் திறந்தது. ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் "நியூ டெக்ஸ்ட்" என்று நின்றது. முதல் காசு எடுக்கும்வரை ஸ்கோர் மாறவில்லை. மாறாததால் ஈவென்ட் வரவில்லை. வராததால் லேபிள் எழுதவில்லை. முதல் மதிப்பை நாமே ஒரு தடவை எழுதிவிட வேண்டும் என்பதைப் பையன் மறந்திருந்தான். அடுத்த லெவலுக்குப் போனால் கன்சோலில் சிவப்பு எரர். பழைய சீனோடு லேபிள் அழிந்துவிட்டது, ஈவென்ட் பட்டியலில் அதன் பெயர் மட்டும் நீக்கப்படாமல் இருந்தது.

"நம்ம முறையில இந்த வில்லங்கமெல்லாம் இல்ல, தம்பி," என்று அண்ணாச்சி டீயை உறிஞ்சினார். நியாயம்தான். பந்தயக் காரின் வேகமானிபோல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுகிற எண்ணுக்கு அவர் வழியே சரி. ஸ்கோரையும் காரையும் ஒரே வேகத்தில் துரத்துவதுதான் கோளாறு.

பையன் இரண்டையும் சரிசெய்து கொடுத்தான். அண்ணாச்சியும் மனம் மாறி இப்போது எல்லாவற்றுக்கும் ஈவென்ட் எழுதுகிறார். அது ஒழுங்காக வந்து சேர்கிறதா என்பதை மட்டும் அப்டேட்டில் சரிபார்த்துக்கொள்கிறார்.